கை தூக்க முடியவேண்டும், மருமகளே

அன்பு மருமகளுக்கு,

உன் குரல்பதிவைக் கேட்டேன். "மாமி, நான் வோட்டர் போலோவில நாட்டுக்கு ஆடணும், பிறகு வெளிநாட்டுக் கிளப்பில ஆடணும். இது சரிவருமா? அம்மா உங்களிட்டக் கேக்கச் சொன்னா" என்கிறாய், நடுவில் எதையோ மொறுமொறுவென்று கடித்துக்கொண்டு. வாயில் வைத்துக்கொண்டு கதைக்காதே என்று உனக்குப் பல் முளைத்த நாளிலிருந்து சொல்லிவருகிறேன். உன் அம்மா என்னிடம் கேட்கச் சொன்ன காரணமும் எனக்கு விளங்கும். உடப்பில் பிறந்து, உடப்பிலேயே கணக்குப் படிப்பித்து, பென்சன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவி "வேண்டாம் பிள்ளை" என்றுதான் சொல்வாள் என்று அவள் நம்பியிருக்கிறாள். பாவம்.

பதிலைக் குரலில் அனுப்பினால் நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய். அதனால்தான் கடிதம். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் இது என்ன விளையாட்டு என்று பார்த்தேன். போனில் பழைய ஆட்டங்கள் எவ்வளவோ கிடக்கின்றன. பெண்களுக்குத் தடாகம் 25 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம். கால் நிலத்தில் படக்கூடாது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எட்டு நிமிடம் வீதம் நாலு பகுதி. ஆனால் விசில் ஊதும்போதெல்லாம் மணிக்கூடு நின்றுவிடுவதால் அந்த எட்டு நிமிடம் எப்போது முடியும் என்று கணக்கு ரீச்சராலும் சொல்ல முடியவில்லை. கோல்காப்பாளரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொடலாம். இதெல்லாம் தண்ணீருக்கு மேலே. கீழே எடுத்த படத்தையும் ஒருவர் போட்டிருந்தார், அதைப் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. உடுப்பைப் பிடித்து இழுப்பதும், வயிற்றில் முழங்காலால் இடிப்பதும், காலோடு கால் பின்னுவதும்! மேலே முகத்தைப் பார்த்தால் கோயிலில் வரிசையில் நிற்கிற மாதிரி ஒன்றும் தெரியாது. உன் அம்மா அந்தக் கீழ்ப்படத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். காட்டிவிடாதே.

எங்கள் காலத்தில் இந்தக் கரையில் பெண்பிள்ளைக்குக் கடல் கால் நனைக்க மட்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு, நடுவில் ஊர். இருந்தும் எனக்கு நீந்தத் தெரியாது, உன் பெரியமாமிக்கும் தெரியாது. வலை வந்தால் மீன் பிரிப்போம், கருவாடு போடுவோம், தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்தால் யாராவது கத்துவார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த நீ ஆழத்தில் ஒரு மணித்தியாலம் காலை உழக்கிக்கொண்டு நிற்கிறாய். உனக்குத் தெரியாமல் நான் இங்கே பெருமைப்பட்டுக்கொள்கிறேன். சரி, இப்போது தெரிந்துவிட்டது.

நீ சொன்ன பெரிய பெயர்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். எனக்குப் பிடித்தவள் நீ சொல்லாத ஒருத்தி. பிரெண்டா வில்லா. மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் 1980இல் பிறந்து, கலிபோர்னியாவில் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கொமர்ஸ் என்கிற தொழிற்சாலை ஊரில் வளர்ந்தவள். அந்த ஊர் நகரசபை பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகம் வைத்திருந்தது. அண்ணன்காரன் வோட்டர் போலோ ஆடுவதைப் பார்த்து இவளும் இறங்கியிருக்கிறாள். அவள் படித்த உயர்பாடசாலையில் பெண்களுக்கு அணியே இல்லை, பையன்களோடு பையன்களாக ஆடினாள். உயரம் ஐந்தடி நாலு அங்குலம். கேட்டாயா? நீ நம் வீட்டு உயரத்துக்கு என்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறாய். மற்றவர்களெல்லாம் ஆறடிக்குப் பக்கத்தில் நிற்கும்போது இவள் அவர்களின் தோளுக்குக் கீழே இருந்துகொண்டு கோல் போட்டிருக்கிறாள்.

ஆண்கள் 1900ஆம் ஆண்டிலிருந்தே ஒலிம்பிக்கில் இதை ஆடிவர, பெண்களுக்கு இடம் கிடைத்தது 2000ஆம் ஆண்டு சிட்னியில். நூறு வருடம்! அதுவும் ஆஸ்திரேலியப் பெண்கள் விடாமல் நச்சரித்துக் கேட்டதால் கிடைத்தது. அந்த முதலாவது இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும். முடிய 13 வினாடி இருக்கும்போது வில்லா ஒன்று போட்டு மூன்றுக்கு மூன்று ஆக்கிவிட்டாள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன், இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஆட்டம் என்பதையும் மறந்து. மிச்சம் 1.3 வினாடி இருக்கும்போது இவெட் ஹிகின்ஸ் என்கிற ஆஸ்திரேலியப் பெண் தூரத்திலிருந்து எறிந்தாள், உள்ளே போய்விட்டது. நாலுக்கு மூன்று. வில்லாவுக்கு வெள்ளி.

அப்போது அவளுக்கு இருபது வயது. அடுத்தது ஏதென்ஸ், 2004: வெண்கலம். பிறகு பெய்ஜிங், 2008: நெதர்லாந்திடம் ஒன்பதுக்கு எட்டு என்று தோற்று மறுபடியும் வெள்ளி. இடையில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் படிப்பு, இத்தாலியில் சிசிலித் தீவுக் கிளப் ஒன்றில் ஆட்டம். கடைசியில் 2012 லண்டனில் ஸ்பெயினை எட்டுக்கு ஐந்து என்று வென்று தங்கம் எடுக்கும்போது வயது முப்பத்திரண்டு. அந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் எட்டுக் கோலில் ஐந்தைப் போட்டவள் நீ சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறாயே, அந்த மெகி ஸ்டெஃபன்ஸ். அவளுக்குப் பத்தொன்பது வயது, முதல் ஒலிம்பிக், முதல் தங்கம். பிறகு ரியோ, டோக்கியோ என்று இன்னும் இரண்டு தங்கம்.

நீ மெகியைப் பார்க்கிறாய், எனக்கு வில்லாவைப் பார்க்கத் தோன்றுகிறது. மெகிக்கு அப்பாவே பெரிய ஆட்டக்காரர், அக்கா ஜெசிக்காவும் அதே லண்டன் அணியில் இருந்தாள். அப்படிப் பத்தொன்பதில் வருகிறவர்கள் எப்போதாவது ஒருவர். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் பிடிக்கும். பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடிக்கத் தோள் வேண்டும், முழங்கால் வேண்டும், பொறுமை வேண்டும். பொறுமையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், உன் கெரம் போர்ட் கதை எனக்கு மறக்கவில்லை.

தோளைப் பற்றிச் சொல்லவேண்டும். உன் அப்பப்பாவை உனக்கு நினைவிருக்காது. கரைவலைக்காரர். வலைக் கயிற்றைப் பிடித்து, அம்பாப் பாட்டின் அடிக்கு அடி பின்னால் கால் வைத்து இழுக்கிற வரிசையில் அவர்தான் முன்னுக்கு நிற்பார். இங்கே கடல் கொந்தளிக்கிற காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி போட்டு அங்கேயும் இழுப்பார். பெரிய பலசாலி என்று ஊரே சொல்லும். தோள் நோகிறது என்று வாய்திறந்து சொன்னதே இல்லை. ஐம்பது வயதில் வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. சட்டை போடும்போது முதலில் வலது கையை இடது கையால் தூக்கிக் கைக்குள் விடவேண்டும், பிறகு குனிந்து மற்றதை மாட்டவேண்டும். தலை இழுக்க அம்மா வேண்டும். தீமிதிக் காலத்தில் திரௌபதை அம்மன் கோயிலில் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து நிற்பார்கள், அவர் நெஞ்சுக்கு நேரே குவித்துக்கொண்டு நிற்பார். இப்போது டிராக்டரில் வின்ச் பூட்டி வலை இழுக்கிறார்கள். அது சரியா பிழையா என்று ஊரூராகச் சண்டை. எனக்கென்றால் ஒவ்வொரு தடவையும் அப்பாவின் தோள்தான் ஞாபகம் வரும்.

உங்கள் ஆட்டத்தில் பழுதாகிறதில் முதல் இடம் தோளுக்குத்தான். நிலத்தில் ஊன்றாமல், தண்ணீரில் நின்று, மேலே எழும்பி எறிய வேண்டியிருக்கிறது. காலும் இடுப்பும் கொடுக்காத பலத்தைத் தோள் கொடுக்கிறது. அதனால் பயிற்சியாளர் ரப்பர் பட்டி இழுக்கச் சொன்னால் இழு. "அது பாட்டிமார் செய்கிற எக்சசைஸ்" என்று அன்றைக்குச் சிரித்தாய். பாட்டிமாருக்குத் தோள் ஏன் போனது என்று எப்போதாவது கேட்டாயா? எறிவதற்கு முன்னும் எறிந்த பின்னும் கொடுக்கிற அந்தப் பத்து நிமிடத்தை யாரும் படம் எடுக்கமாட்டார்கள், அணியில் சேர்ப்பதற்கு அதைப் பார்க்கவும் மாட்டார்கள். இருந்தாலும் செய். காலைச் சுழற்றுகிற எக்பீட்டரை ஒழுங்காகப் பழகினால் உடம்பு மேலே வரும், தோளுக்குப் பாரம் குறையும். நோகிறது என்றால் நோகிறது என்று சொல். எனக்கு வேண்டியது உன் பதக்கம் இல்லை பிள்ளை, ஐம்பது வயதில் நீ உன் தலையை நீயே இழுக்கவேண்டும்.

தலையைப் பற்றியும் ஒன்று. பந்து 400 கிராமுக்கு மேல், முழங்கை அதைவிடக் கெட்டி. மண்டையில் பட்டு, கண் மங்கினாலோ தலை கனத்தாலோ "ஒன்றுமில்லை சேர்" என்று மறுபடி குதிக்காதே. வெளியே வந்து உட்கார். அன்றைக்கு மட்டுமில்லை, டொக்டர் விடும்வரைக்கும். ஓ.எல்.லுக்குக் கணக்குப் பாடத்துக்கு எடுத்த ஏ அந்த மண்டைக்குள்தான் இருக்கிறது.

தலை என்றதும் எண்ணெய் ஞாபகம் வருகிறது. நீ உடப்புக்கு வரும்போதெல்லாம் நான் பிடித்து உட்காரவைத்துத் தேங்காய் எண்ணெய் வைப்பேனே, உங்கள் சட்டத்தில் உடம்பில் எண்ணெய், கிரீஸ் ஒன்றும் இருக்கக்கூடாதாம். வழுக்கிக்கொண்டு தப்பிவிடுவாய் என்று! ஆட்டத்துக்கு முதல் நாள் மாமியிடம் வந்தால் உன்னைத் தடாகத்தில் இறக்கவே விடமாட்டார்கள். ஆட்டமில்லாத நாள் பார்த்து வா. குளோரின் தண்ணீருக்குள் இறங்க முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு போ. நனைந்த முடி அந்தத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். ஏறியதும் மறுபடி அலசு. துவாயை ஈரத்தோடு பையில் அடைத்து வைக்காதே, உன் பையைத் திறந்தால் கருவாடே பரவாயில்லை என்று உன் அம்மா சொல்கிறாள். காதுக்குள் பட்ஸ் விடாதே, தலையைச் சரித்துத் தண்ணீரை வெளியே விட்டால் போதும். நகத்தை ஆட்டத்துக்கு முன் நடுவர் தடவிப் பார்ப்பாராம். உன் நகத்தை நான் அறிவேன். கழுத்தில் சங்கிலி, காதில் தோடு ஒன்றும் கூடாது. அம்மாவிடம் கழற்றிக் கொடு, தடாகக் கரையில் வைத்துத் தொலைத்துவிடாதே.

சாப்பாடு. நம் வீடுகளில் மீனின் நடுத்துண்டு ஆம்பிளைகளுக்கு, தலையும் வாலும் கடைசியாகச் சாப்பிடுகிற பெண்களுக்கு. நான் தலை தின்று வளர்ந்தவள், எனக்கு அது இப்போதும் ருசிதான். ஆனால் நீ காலமையும் பின்னேரமும் தண்ணீரில் கிடக்கிறாய். உனக்கு நடுத்துண்டு வேண்டும், முட்டை வேண்டும், கீரை வேண்டும். மெலிய வேண்டும் என்று யாரும் உனக்குச் சொன்னால் என் நம்பரைக் கொடு. இன்னொன்று, இதை உன் அம்மா வெட்கப்பட்டுச் சொல்லமாட்டாள்: மாதவிலக்கு வருகிற திகதியைக் கொப்பியில் குறித்து வை. பயிற்சி கூடிச் சாப்பாடு குறைந்தால் அது நின்றுபோகும். கரைச்சல் விட்டது என்று சந்தோசப்படாதே. எலும்பு பலமிழக்கிறதுக்கு அதுதான் தொடக்கம். இரண்டு மூன்று மாதம் காணவில்லை என்றால் டொக்டரிடம் போகவேண்டும். பயிற்சியாளர் ஆண் என்றால் அணியில் ஒரு மிஸ் இருப்பார்தானே, அவரிடம் சொல்லு.

"கறுத்துப் போறாள், நாளைக்கு யார் கட்டுவான்" என்று உன் அம்மா போனில் அழுதாள். இந்தக் கரையில் வெள்ளையாக இருந்தவர்கள் யார் என்று கேட்டேன், பதில் இல்லை. நீ வேண்டுமானால் அவளுக்கு ஆஷ்லி ஜோன்சனின் படத்தைக் காட்டு. ஜமைக்காவிலிருந்து போன குடும்பம். மயாமி வீட்டின் பின்னால் தடாகம் இருக்கிறது, பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதே என்று தாதியான அம்மா அவர்களை நீச்சல் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார். அமெரிக்க ஒலிம்பிக் வோட்டர் போலோ அணிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆஷ்லி. கோல்காப்பாளராக 2016இலும் டோக்கியோவிலும் தங்கம். பிரின்ஸ்டனில் படித்துப் பட்டமும் எடுத்துக்கொண்டாள். வெயிலுக்குக் கிரீம் பூசு, அது தோலின் நன்மைக்கு. மாப்பிள்ளையின் நன்மைக்குப் பூசவேண்டாம்.

இனிக் கசப்பானது. "இது சரிவருமா" என்று நீ கேட்டதற்குள் "இதை வைத்துப் பிழைக்கலாமா" என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. பிழைக்க முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முதல், மூன்று தங்கம் எடுத்த மெகி ஸ்டெஃபன்ஸே இன்ஸ்டாகிராமில் எழுதினாள்: ஒலிம்பிக்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர், நான் உட்பட, இரண்டாவது மூன்றாவது வேலை பார்த்துத்தான் ஆடுகிறோம் என்று. அதை வாசித்துவிட்டு ஃபிளேவர் ஃபிளேவ் என்கிற பாட்டுக்காரர், கழுத்தில் சுவர் மணிக்கூட்டைத் தொங்கவிட்டிருப்பாரே அவர்தான், நான் காசு தருகிறேன் என்று வந்தார். அமெரிக்காவிலேயே மணிக்கூட்டுக்காரர் வரவேண்டியிருக்கிறது என்றால் இங்கே யார் வருவார்? அந்தப் பாரிசில் அமெரிக்கா வெண்கலமும் இல்லாமல் நாலாவதாக வந்தது. தங்கம் ஸ்பெயினுக்குப் போனது. ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி, ஹங்கேரிக் கிளப்புகளில் சம்பளம் உண்டு. ஆனால் பெரும்பாலும் அதுவும் ஒரு மனுசி படித்துக்கொண்டே சமாளிக்கிற அளவுதான்.

இங்கே ரோயல், தோமஸ் கல்லூரிகள் பையன்களுக்கு 1992 முதல் போட்டி வைக்கின்றன, பழைய மாணவர்கள் காசு போடுகிறார்கள். பெண்களுக்கு அந்தளவு கிடையாது. ஒலிம்பிக் வோட்டர் போலோவில் இலங்கை ஒருநாளும் ஆடியதில்லை. நீச்சலுக்கென்றால் அனிகா கபூர் டோக்கியோ வரைக்கும் போய் வந்தாள். அதனால் கதவு பூட்டியே கிடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். 2028 லொஸ் ஏஞ்சலிஸில் பெண்கள் அணிகளைப் பத்திலிருந்து பன்னிரண்டாகக் கூட்டியிருக்கிறார்கள். 2025இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சீனா, ஜப்பானோடு சிங்கப்பூர்ப் பெண்களும் ஆடினார்கள். சிங்கப்பூர் எவ்வளவு பெரிய நாடு? நம் புத்தளம் மாவட்டத்துக்குள் மூன்று நாலு சிங்கப்பூரைப் போடலாம்.

உனக்குத் திறக்கக்கூடிய கதவு படிப்புப் பக்கம் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 2001 முதல் பெண்களுக்குத் தேசியப் போட்டி நடக்கிறது. ஆஸ்திரேலியா, ஹங்கேரியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் புலமைப்பரிசில் எடுத்து அங்கே போய் ஆடுகிறார்கள். அதற்கு நீ எறிகிற வீடியோவும் வேண்டும், ஏ.எல். பெறுபேறும் வேண்டும், இங்கிலீசும் வேண்டும். பயிற்சி முடிந்து வருகிற பஸ்ஸில் தூங்கு, நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் போனை எடுக்கமுன் ஒரு கணக்குச் செய். ஒன்றே ஒன்று. ஒன்று செய்தால் இரண்டாவதைச் செய்யாமல் நீ எழும்பமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். வில்லா பிறகு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தாள், வசதியில்லாத பிள்ளைகளை இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவர நண்பர்களோடு சேர்ந்து ஒரு திட்டமும் தொடங்கினாள். ஆட்டம் முடிந்தபிறகு போய் நிற்க அவளுக்கு ஓர் இடம் இருந்தது.

உன் அப்பாவையும் கொஞ்சம் நினை. என் தம்பி நாலரை மணிக்கு எழும்பி உன்னைத் தடாகத்தில் விட்டுவிட்டு, காருக்குள்ளேயே தூங்கி, அப்படியே வேலைக்குப் போகிறான். "தாங்ஸ் அப்பா" என்று சொல்கிறாயா? சின்ன வேலைதான். முதல் நாளே உன் பையை நீயே அடுக்கி வை, அவனுக்குப் பதினைந்து நிமிடத் தூக்கம் கிடைக்கும்.

இப்போது கெரம் போர்ட். தோற்கிறோம் என்று தெரிந்ததும் ஸ்ட்ரைக்கரைக் கிணற்றுக்குள் எறிந்தாயே, அதை எடுக்க உன் அப்பா கிணற்றில் இறங்கினான். உங்கள் ஆட்டத்தில் பெரிய பிழை செய்தால் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புவார்கள், உன் ஆட்கள் ஆறு பேராக நின்று தவிப்பார்கள். மூன்று தடவை போனால் அன்றைக்கு ஆட்டமே முடிந்தது. கீழே ஒருத்தி கிள்ளுவாள், நடுவர் பார்க்கமாட்டார், நீ மேலே அடிப்பாய், அதை மட்டும் பார்ப்பார். நான் பார்த்த ஆட்டங்களில் எல்லாம் இதுதான் நடக்கிறது. கிள்ளு வாங்கினால் மூச்சை ஒருதரம் விட்டுவிட்டுப் பந்து எங்கே என்று பார். பிறகு என்னிடம் வந்து சொல்லு, நான் அவளைத் திட்டுகிறேன், எனக்கு விசில் ஊத ஆள் கிடையாது.

சனிக்கிழமை இங்கேயிருந்து கொழும்புக்கு வருகிற ஆளிடம் கருவாடும் கொஞ்சம் மாசியும் கொடுத்துவிடுகிறேன். அடுத்த ஆட்டம் எப்போது, எந்தத் தடாகம் என்று அனுப்பு. வெயில் படாத பக்கமாக ஓர் இடம் பிடித்து வை. பெனால்டி எதற்குக் கொடுக்கிறார்கள், ஏன் சில வேளை சும்மா விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, வந்தால் சொல்லித் தா.

அம்மா கேட்டால் மாமி என்ன சொன்னா என்று முழுக்கச் சொல்லவேண்டியதில்லை. "நல்லாப் படிக்கச் சொன்னா, நல்லாச் சாப்பிடச் சொன்னா" என்று மட்டும் சொல்லு. பொய்யில்லைதானே.

அன்புடன்,
மாமி
உடப்பு